அப்பாவுக்கு இரண்டு சம்பளம்

என் அக்கா என்னைவிடப் பதினோரு நிமிடம் மூத்தவள். இரட்டைப் பிள்ளைகளில் பதினோரு நிமிடத்துக்கெல்லாம் அக்கா என்று கூப்பிட வேண்டுமா என்று சின்ன வயதில் அம்மாவிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். சாதாரண நாட்களில் அவளை நீ, வா, போ என்றுதான் சொல்வேன். ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் வாயில் "அக்கா" வரும். அவளுக்கும் அது தெரியும். "என்னா வேணும், சொல்லு," என்று உடனே கேட்டுவிடுவாள்.

எங்கள் வீடு ஜோகூரில், பெக்கான் நானாஸ் என்ற ஊரில். அம்மாவுக்கு அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. அப்பா சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். தினமும் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, நாட்டெல்லையிலுள்ள இரண்டாவது பாலத்தைக் கடந்து வேலைக்குப் போவார். காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாட்டிக்கொள்வார். மழைக்காலத்தில் அந்த ஜாக்கெட் ஒருநாளும் முழுதாகக் காய்ந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை மின்விசிறிக்கு நேராக நாற்காலியில் விரித்துப் போடுவார். நாங்கள் சாப்பிடும்போது யாரோ ஐந்தாவது ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வந்தபோது அக்காவுக்கு எல்லாப் பாடத்திலும் ஏ. எனக்குச் சுமாருக்கு மேலே. அவளுக்குப் பினாங்கில் மருந்தியல் படிக்க ஆசை. எனக்குப் பத்து பகாட் என்ற ஊரில் மின்னியல். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்துவிடும் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். கிடைத்தால் எப்படிப் படிக்கவைப்பது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் அப்பா ஓவர்டைம் செய்ய ஆரம்பித்தார். அதுவே கேள்வி போலத்தான் இருந்தது.

பட்டப்படிப்புக்கு ஓர் அரசாங்க உபகாரச் சம்பளம் உண்டு என்று பள்ளியில் அறிவித்தார்கள். எந்த உபகாரச் சம்பளம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. படிப்புக் கட்டணம் முழுதும் அவர்களே கட்டுவார்கள், மாதம் கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். படித்து முடித்ததும் சில வருடம் அரசாங்க வேலை செய்ய வேண்டும். விண்ணப்பம் எல்லாம் இணையத்தில். பத்திரங்கள் பிறகு கேட்டால் காட்டினால் போதும்.

அக்கா தன் விண்ணப்பத்தை மூன்று நாள் எடுத்துப் பூர்த்தி செய்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் நோட்டுப்புத்தகத்தில் பென்சிலால் எழுதி, சரிபார்த்து, அப்புறம்தான் கணினியில் ஏற்றினாள். நான் கடைசி நாள் மத்தியானம் இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையில் உட்கார்ந்து, கைப்பேசியிலேயே முடித்தேன். ஒரு கையில் ரொட்டி சானாய். தந்தையின் மாத வருமானம் என்ற கட்டம் வந்தது. அப்பாவிடம் வாட்சாப்பில் கேட்டேன். அவர் இடைவேளையில் குரல் பதிவாகப் பதில் அனுப்பினார். பின்னணியில் ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கிப் போகும் பீப் பீப் சத்தம்.

"ஆயிரத்து எண்ணூறு வெள்ளி, தம்பி. ஓவர்டைம் இல்லாம."

ஆயிரத்து எண்ணூறு என்று அடித்தேன். அனுப்பு என்பதை அழுத்தினேன். ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ரிங்கிட்டையும் வெள்ளி என்போம், சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்போம். எது எது என்று பேச்சின் போக்கில் தெரிந்துவிடும். மார்க்கெட்டில் மீன் பத்து வெள்ளி என்றால் அது நம்முடையது. அப்பா சம்பளம் என்றால் அது அந்தப் பக்கத்து வெள்ளி. அந்த ஒரு வெள்ளி நம் வெள்ளியில் மூன்றுக்கும் மேல். அந்தக் கட்டத்தின் ஓரத்தில் RM, அதாவது ரிங்கிட், என்று போட்டிருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன், கண்ணில் பட்டது, மூளைக்குப் போகவில்லை.

நேர்முகத் தேர்வு ஜோகூர் பாருவில். இரண்டு பேருக்கும் ஒரே நாள். அப்பா ஒரு நாள் லீவு எடுத்து, பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கி எங்களைக் கூட்டிப்போனார். அக்கா முதலில் உள்ளே போனாள். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னா கேட்டாங்க?"

"எல்லாம் கேட்டாங்க. அப்பா சம்பளத்தப் பத்தியும் கேட்டாங்க. நான் சொன்னேன்."

எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, நல்ல அன்னாசியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மலாயில் கேட்டார். சிரிப்புக்குக் கேட்டிருப்பார். நான் பத்து நிமிடம் பேசினேன். அடிப்பக்கம் முகர்ந்து பார்ப்பது, கண் அகலமாக இருப்பது, அம்மா தொழிற்சாலையில் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவது. அவர்கள் சிரித்தார்கள். அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். அப்பாவைப் பற்றிக் கேட்க நேரமில்லாமல் போய்விட்டது.

முடிவு இணையத்தில் வந்தது. அரசாங்கக் கடிதங்கள் இரண்டே விதமாக ஆரம்பிக்கும். சுக்காசித்தா என்று ஆரம்பித்தால் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம். டுக்காசித்தா என்று ஆரம்பித்தால் வருத்தத்தோடு. சுகமும் துக்கமும், நம் வாயில் புழங்குகிற சொற்கள்தான். மலாயில் எழுதும்போது முதல் எழுத்து ஒன்றுதான் மாறும். அன்று அக்காவின் திரையில் டுக்காசித்தா. என் திரையில் சுக்காசித்தா.

முதலில் இரண்டு பேரும் கைப்பேசியை மாற்றிப் பிடித்துவிட்டோமோ என்று பார்த்தோம். அம்மா சமையலறையிலிருந்து "என்னாச்சு?" என்றார். அக்காதான் கடைசியில் சத்தமாகச் சொன்னாள்.

"அம்மா, தம்பிக்குக் கெடச்சிருச்சு!"

அவள் அதைச் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை. பள்ளியில் பரிசு வாங்கியவன் பெயரை மேடையில் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் சரியாக உச்சரித்தாள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அந்த வாரம் வீட்டில் யார் எப்படிச் சிரிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா எனக்காகக் கேசரி செய்தார். அக்காவுக்குப் பிடிக்கும் என்று அதில் திராட்சையை அதிகமாகப் போட்டார். அப்பா என் தோளில் தட்டினார், அவள் தலையைத் தடவினார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார், இரண்டு கையாலும்.

வாய்ப்பை ஏற்றுக்கொள்ள ஒரு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கு எல்லா மூலப் பத்திரங்களையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிறப்புச் சான்று, தேர்வு முடிவு, தாய் தந்தையின் சம்பளச் சீட்டு, கூடவே நான் அனுப்பிய விண்ணப்பத்தின் அச்சுப் பிரதி. எனக்குக் காகிதம் அடுக்கவே வராது.

"அக்கா," என்றேன்.

"என்னா வேணும், சொல்லு."

"இந்த ஃபைல மட்டும் அடுக்கிக் குடு."

அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பத்து பகாட்டில் எங்கே அறை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரமாகக் காகிதச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் என் விண்ணப்பம். பக்கத்தில் அப்பாவின் சம்பளச் சீட்டு.

"நீ அப்பா சம்பளத்த மாத்தலையா?"

"எத மாத்தணும்?"

"சிங்கப்பூர் வெள்ளிய நம்ம வெள்ளிக்கு. நான் மாத்திதான் போட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. உறையை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு ஒரு சம்பளம், என் அப்பாவுக்கு இன்னொரு சம்பளம். குறைந்த வருமானம் என்று அரசாங்கம் போட்ட கோட்டுக்கு அவர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம்.

"நான் வேணும்னு பண்ணல," என்றேன்.

"தெரியும்லா. உனக்கு அந்த அளவுக்கு மூளை இல்ல."

இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மாலையில் அப்பா வந்ததும் சொன்னோம். அவர் இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கவில்லை. இரண்டு காகிதத்தையும் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எங்களைத் திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் அக்கா போட்ட எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவா நான் சம்பாரிக்கிறேன்?"

"நம்ம வெள்ளியில அவ்வளவு வருதுப்பா."

"அலமாக்," என்று மலாயில் வியந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இத்தன வருஷமா பணக்காரனா இருந்திருக்கேன். யாரும் சொல்லவே இல்லையே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. சிரித்து முடித்தபின் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு வழி இருப்பதாக மறுநாள் அப்பாவின் கூட்டாளி ஒருவர் சொன்னார். அவருக்கு இரண்டு லோரி, அன்னாசி ஏற்றும் தொழில். வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துக்கொண்டே பேசினார்.

"இதுக்குப் போயி ஏண்ணே மண்டைய ஒடச்சிக்கிறீங்க? நம்ம கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு கடுதாசி குடுக்கறேன். எங்கிட்ட லோரி ஓட்டறீங்க, ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட் சம்பளம். அவ்வளவுதான். எவன் வந்து பாக்கப்போறான்?"

கெட்ட மனிதர் இல்லை அவர். எங்கள் மேலிருந்த பிரியத்தில்தான் சொன்னார். மறுநாளே கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கீழே அப்பா கையெழுத்துப் போட ஒரு கோடு. அப்பா உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்குக் கீழே வைத்தார். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. பிள்ளையின் நான்கு வருடப் படிப்பு ஒரு கையெழுத்தில் இருக்கிறது என்றால் எந்த அப்பாவும் இரண்டு நாள் யோசிப்பார்.

மூன்றாம் நாள் அக்காவிடம் கேட்டார். "பாப்பா, நீ என்னா சொல்ற?"

"எங்கிட்டக் கேக்காதீங்கப்பா. வேணாம்னு சொன்னா பொறாமைல சொல்றேன்னு இருக்கும். சரின்னு சொன்னா..." அவள் முடிக்கவில்லை. "எனக்கே தெரியலப்பா, பொறாமையா இல்லையான்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என் நேர்மையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இதில் அதிகம் இல்லை. முக்கால்வாசி பயம்தான். மாட்டிக்கொண்டால் இனி எந்த உதவிக்கும் மனுப்போட முடியாது என்று வாய்ப்பு வந்த அரசாங்கக் கடிதத்தில் எழுதியிருந்தது. ஆனால் மிச்சக் கால்வாசி வேறு. மேசையில் அந்தக் கடிதம். மின்விசிறிக்கு எதிரே நாற்காலியில் ஈர ஜாக்கெட். விடியுமுன்னே கிளம்பி, பாலத்தின் மேல் ஆயிரம் மோட்டார்களுக்கு நடுவில் மழையில் நிற்கிற ஆள், அங்கே நான் போவதே இல்லை என்று தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் எனக்காக. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"போயி சொல்லிடலாம்ப்பா," என்றேன்.

அப்பா கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பக் கொடுக்கும்போது கூட்டாளி மனம் நோகக்கூடாது என்று ஒரு பை முறுக்கும் கொண்டுபோனார்.

பத்திரம் காட்டக் குறித்த நாளிலேயே அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். அலுவலகத்தில் நிறைய பிள்ளைகள், புதுச் சட்டை, புதுக் காலணி. எங்கள் எண் வந்தபோது முகப்பில் ஐம்பது வயதுள்ள ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். தலையில் மஞ்சள் துடோங் துணி, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். நான் ஃபைலைக் கொடுக்காமல் நின்றேன். அப்பாதான் மலாயில் பேசினார். அப்பாவின் மலாய் மார்க்கெட்டில் கற்றது. அதில் மரியாதைச் சொற்கள் எல்லாம் கொஞ்சம் இடம் மாறி விழும்.

"புவான், மன்னிக்கணும். எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க. இந்த ஃபாரத்துல நான் ஏழை. இந்த ஃபாரத்துல நான் ஏழை இல்லை. ரெண்டுல ஒண்ணு தப்பு."

அந்த அம்மா இரண்டு விண்ணப்பத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சம்பளச் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடிக்," என்று தம்பியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். "RMன்னு போட்டிருந்துச்சே, பாக்கலையா?"

"பார்த்தேன், புவான்."

"பார்த்தும்?"

அக்கா குறுக்கே வந்தாள். "அவன் எப்பவுமே இப்படித்தான், புவான். வேணும்னு செய்யல."

அந்த அம்மாவின் உதடு சிரிக்க ஆரம்பித்து, அடக்கிக்கொண்டது. எங்களை உள்ளே ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். விஷயத்தை மறைக்காமல் சொன்னார். தவறான எண்ணின் மேல் வந்த வாய்ப்பு நிற்காது. நானாகவே விலகிக்கொள்வதாக எழுதிக்கொடுத்தால் என் பெயர் கெடாது. அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேருமே ராயுவான் போடலாம், அதாவது மேல்முறையீடு. வெறும் சம்பளத்தை மட்டும் காட்டாமல், ஒரே வருடத்தில் இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவதையும், அப்பாவுக்கு வேலைக்குப் போய்வர ஆகும் செலவையும் ஆதாரத்தோடு காட்டலாம். குழு பார்க்கும். உறுதி எதுவும் கொடுக்க முடியாது.

"என்சிக், நீங்க பேசாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம்," என்றார் அப்பாவிடம்.

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே, புவான்," என்றார் அப்பா. பெரிய வசனமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, ஒரு சிக்கலை விளக்குவது போலச் சொன்னார்.

விலகல் கடிதத்தை அங்கேயே எழுதினேன். நாலு வரிதான். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. இரண்டு முறை தப்பாக எழுதித் தாளைக் கசக்கினேன். அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தாளை மட்டும் எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த மூன்று வாரம் வீடே ராயுவான் அலுவலகம் ஆகிவிட்டது. அப்பா பெட்ரோல் ரசீது, டோல் சீட்டு, டயர் மாற்றிய பில் என்று மோட்டார் சீட்டுக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். பாதி மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அம்மா அதைத் தோசைக்கல்லின் சூட்டில் காட்டிப் பிரித்தார். துவாஸ் கிடங்கின் மேற்பார்வையாளர், ஒரு சீனர், அப்பாவுக்காக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். இந்த ஆள் மழைக்குக்கூட லீவு போட்டதில்லை என்று அதில் இருந்தது. உபகாரச் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான். அக்கா அதையும் சேர்த்துக்கொண்டாள்.

நாங்கள் தனித்தனியாகக் கடிதம் எழுத வேண்டும். ஒருவருக்குத்தான் என்றால் என் அக்காவுக்குக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதியிருந்தால் இப்போது சொல்ல நன்றாக இருக்கும். எழுதவில்லை. எனக்கும் வேண்டும் போல இருந்தது. அவள் தன் கடிதத்தில் என்ன எழுதினாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

முடிவு வந்த அன்று அக்காவுக்குச் சுக்காசித்தா. எனக்கு டுக்காசித்தா.

வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் கையில் இருந்த ஒன்று போய்விட்டது. ஆனால் அதோடு கூடவே, முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போலவும் இருந்தது. எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவளுக்குப் போக வேண்டியது அவளிடமே போயிருக்கிறது. அவள்தான் சந்தோஷப்பட மறுத்தாள். மறுபடியும் குளியலறை, மறுபடியும் குழாய்ச் சத்தம். நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா."

உள்ளே குழாய் நின்றது. "என்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மாதான் கூப்பிட்டேன்."

அவள் கதவைத் திறந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னை ஓங்கி ஓர் அடி அடித்தாள். அப்புறம் அம்மாவிடம் போய்த் தானே செய்தியைச் சொன்னாள்.

நான் அரசாங்கக் கல்விக் கடன் எடுத்துப் பத்து பகாட்டுக்குப் போனேன். இன்றும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன்; அதில் எனக்குக் குறையில்லை. முதல் செமஸ்டர் பாதியில் பினாங்கிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. முதல் கைச்செலவுப் பணத்தில் அக்கா வாங்கி அனுப்பியிருந்தாள். மல்டிமீட்டர். மின்னியல் படிக்கிறவனுக்கு என்ன தேவை என்று தன் விடுதியில் யாரையோ கேட்டிருக்கிறாள். அது கார் பட்டறையில் பேட்டரி பார்க்கிற வகை. ஆய்வுக்கூடத்தில் அதை எடுத்தபோது பையன்கள் சிரித்தார்கள். நான் நான்கு வருடமும் அதையே வைத்திருந்தேன். வகுப்பில் யார் மோட்டார் சைக்கிள் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வந்தார்கள், அதனால் எனக்கு இரண்டு மூன்று நல்ல நண்பர்களும் கிடைத்தார்கள். தவறான மீட்டர் அனுப்பினாய் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

நடுவில் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. உபகாரச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போகக்கூடாது. இரண்டாம் வருடம் அவளுக்கு ஒரு பாடம் காலை வாரியது. எனக்கு அழைத்து ஒரு மணி நேரம் பேசாமலே இருந்தாள். நானும் கைப்பேசியை வைக்காமல் இருந்தேன்.

"என்னால போச்சுன்னா உன்னோடதையும் சேத்துப் போக்குன மாதிரிடா," என்றாள் கடைசியில்.

"அது என்னோடது இல்ல. ஒழுங்கா எழுதின ஃபாரம் ஒண்ணுதான் இருந்துச்சு, அது உன்னோடது. படி, போ."

அவளிடம் நான் புத்தி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அடுத்த தேர்வில் அவள் மேலே வந்துவிட்டாள். அதற்கு என் பேச்சு காரணமில்லை. அவள் இரண்டு மாதம் நூலகத்தை விட்டு வெளியே வராததுதான் காரணம்.

அவளுடைய பட்டமளிப்புக்கு வாடகை வேன் எடுத்துக்கொண்டு போனோம். பெக்கான் நானாஸிலிருந்து பினாங்கு வரை அப்பாவே ஓட்டினார். வேறு யாரையும் ஓட்டவிடவில்லை. மண்டபத்துக்குள் இரண்டு பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு. அப்பாவும் அம்மாவும் போனார்கள். நான் வெளியே கூடாரத்தில், பெரிய திரைக்கு முன்னால், வேறு குடும்பங்களின் தம்பி தங்கைகளோடு உட்கார்ந்திருந்தேன். மடியில் அம்மா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுவந்த புளிச்சாதப் பொட்டலம். அவள் பெயரை வாசித்தவர் அதில் பாதியை விழுங்கிவிட்டார். பரவாயில்லை. திரையில் நான்கே விநாடி வந்தாள். கைத்தட்டியதில் பொட்டலம் கீழே விழுந்தது, நல்லவேளையாகப் பிரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து பட்டமளிப்பு அங்கியோடு வெயிலில் நடந்து வந்தாள். பின்னால் அப்பாவும் அம்மாவும். அப்பா யாரோ ஒரு பேராசிரியரை நிறுத்தி, துவாஸ் போக்குவரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. என்னா இருக்கு?" என்றாள்.

வேனின் பின்கதவைத் திறந்துவிட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்தோம். அங்கியை மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், கறை பட்டால் அபராதம். அவள் அங்கியின் கைகளை முழங்கைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பொட்டலத்தைப் பிரித்து ஊட்டினேன். இரண்டு வாய் சாப்பிட்டபின்தான் பேசினாள்.

"உன்னோடது எப்போ?"

"அடுத்த மாசம். பத்து பகாட்ல."

"எத்தன சீட்டு?"

"ரெண்டுதான்."

"அப்ப நான் வெளியிலதான்," என்றாள். "நல்லதா போச்சு. புளிச்சாதம் நான் கொண்டாரேன்."